சுக்கான் கயிறு

வேதாளை
4.3.2024

நுஃமானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொன்னேன். கூடப் பிறந்தவள் மனசு மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே.

நீ நயினார்கோவில் பக்கம் கரி மூட்டத்தில் வேலை பார்ப்பதாக முஹைதீன் காக்கா வந்து சொன்னார். யாரோ தெரிந்தவர் வீட்டு மௌத்துக்குத் துக்கம் விசாரிக்க அந்தப் பக்கம் போனவர், உன்னை டீக்கடையில் பார்த்தாராம். "மூஞ்சியெல்லாம் கரி. என் தம்பியோட மச்சினன்னு எனக்கே அடையாளம் தெரியலே" என்றார். டீக்கடை ராமலெட்சுமி பெயருக்குப் போட்டால் உனக்கு வந்து சேரும் என்றும் அவர்தான் சொன்னார். போனில் கேட்கலாம் என்றால் உன் போன் கடலில் கிடக்கிறது. இருந்திருந்தாலும் உன் குரலைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

காரியத்துக்கு வருகிறேன். ஹமீது மச்சான் மௌத்தாகி இன்றோடு ஐம்பத்தோரு நாள். எனக்குப் புருஷன், உனக்கு அக்கா புருஷன், இரண்டு பேரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம். அன்றைக்கு உடைந்த வள்ளத்தை இழுத்து வந்தவர்கள் கரையில் போட்டபடியே போட்டுப் போய்விட்டார்கள். வெயில் ஏறுகிறது. இன்னும் ஒரு மாதம் விட்டால் பலகையெல்லாம் வாய் பிளந்துவிடும், பிறகு அடுப்புக்குத்தான் ஆகும் என்கிறார் ஓடாவி சோணைமுத்து. படகு வேலைக்கு அவரை அக்காள்மடத்திலிருந்து வரவழைத்திருக்கிறேன்.

முஹைதீன் காக்கா அடுப்புக்கே கொடுத்துவிடு என்கிறார். "என் தம்பியக் கொண்டுபோன ராசி கெட்ட வள்ளம், கண்ணு முன்னால எதுக்கு?" என்று கேட்கிறார். நான் முடியாது என்றேன். ஏப்ரல் பாதியில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் கடல் பாய்மர வள்ளங்களுக்குத்தான். அதற்குள் சரிபண்ணி யாருக்காவது ஓட்டக் கொடுத்தால் எனக்கும் பிள்ளை சுஹாவுக்கும் சோறு ஆச்சு. வேறு எனக்கு என்ன பிழைப்புத் தெரியும்?

நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. ஓடாவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறார், நான் இந்தப் பக்கம் நின்று முழிக்கிறேன். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். வள்ளத்தில் சுக்கானைக் காணோம், எங்கே? புதிது செய்வதென்றால் என்ன அளவு, என்ன மரம்? கல்பாரில் முதலில் இடித்தது எந்த இடம்? பாய் எங்கே?

இதற்கு மட்டும் பதில் போடு. வேறு எதையும் எழுதி என்னைப் படிக்க வைக்காதே.

அம்ரீன்


நயினார்கோவில்
11.3.2024

லாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. சட்டைப் பையிலேயே இருந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரிக்கவில்லை. இன்றைக்குத்தான் பிரித்தேன்.

கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன்.

சுக்கான் கடலோடு போய்விட்டது. தேட வேண்டாம். புதிது செய்யட்டும். உயரம் நாலரை அடி. அடியில் ஒன்றே முக்கால் அடி அகலம், மேலே போகப் போக ஒரு சாண். வேப்பமரம் போதும். பச்சை மரம் வேண்டாம், ஒரு வருஷமாவது காய்ந்ததாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

மனோலித் தீவுக்குத் தெற்கே தண்ணீருக்குள் கல்பார் இருக்கிறதே, அங்கேதான். முதலில் சுக்கான் இடித்தது. அப்புறம்தான் வள்ளத்தின் அடிக்கட்டை. பின்பக்கம் இடது கையோரம் அடியிலிருந்து மூன்றாவது பலகை உள்ளே வாங்கியிருக்கும், அது கண்ணுக்கே தெரியும். நாலாவதிலும் ஒரு கீறல் உண்டு. அது சும்மா பார்த்தால் தெரியாது, உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் கடலுக்குப் போன பிறகுதான் தெரியும்.

பாய் கிழிந்துவிட்டது. புதிது தைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சுக்கானைப் பின்கட்டையோடு சேர்த்துக் கட்டுகிற கயிறு பழைய தேங்காய்த் தும்புக் கயிறாக இருக்கட்டும். கடையில் போய் வாங்க வேண்டாம். ஓடாவியிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நாளைக்கு முதல் நோன்பு. இங்கே கருவேலங் காட்டுக்குள் வேலை, பள்ளிவாசல் பாங்கு காதில் விழாது. நோன்பு திறக்கிற நேரத்தைப் போனில் பார்த்துச் சொல்கிறேன் என்று ராமலெட்சுமி அக்கா சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

நுஃமான்


வேதாளை
25.3.2024

நுஃமானுக்கு,

உன் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கதவிடுக்கில் கொடுத்தேன். ஓடாவி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். நாலாவது பலகையில் நீ சொன்ன இடத்திலேயே கசிவு. "சொன்ன ஆளு பக்கத்துல நின்னு பாத்தவன் மாதிரி சொல்லியிருக்கானே" என்று அதிசயப்பட்டார். பார்த்தவன்தான், பார்த்துக்கொண்டே இருந்தவன்தான் என்று சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு பலகையையும் கழற்றியாகிவிட்டது. புதுப் பலகையைத் தீயில் வாட்டி வளைக்கிறார்கள், புகை வீட்டுக்குள் வருகிறது. அடுத்தாற்போல் பலகை இடுக்கிலெல்லாம் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்து அடிக்க வேண்டுமாம். நோன்பு பிடித்துக்கொண்டு, நாள் முழுக்க டொக்கு டொக்கு என்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். பார்க்க வருகிற பெண்கள் "அழுதுரு புள்ளே, மனசு லேசாவும்" என்கிறார்கள். வந்தால் அழ மாட்டேனா? ஒன்றும் வரவில்லை. நோன்புக் கஞ்சி குடித்தால் சூடு தெரிகிறது, ருசி தெரியவில்லை.

இப்போது சொல். சுக்கான் கடலோடு போனது என்று எழுதினாயே. வள்ளத்தை இழுத்து வந்தவர்கள், பின்னால் சுக்கான் தொங்கிக்கொண்டேதான் வந்தது என்று ஓடாவியிடம் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் ஒன்றாகவா பொய் சொல்வார்கள்?

அப்புறம் அதென்ன பழைய கயிறு? மச்சானுக்கும் இதே கிறுக்குத்தான். இற்றுப்போன தும்புக் கயிற்றையெல்லாம் பத்திரப்படுத்தி வைத்துச் சுக்கானுக்குக் கட்டுவார். டிசம்பரில் மட்டும் இரண்டு தடவை அறுந்தது. இரண்டு தடவையும் சுக்கான் இல்லாமல் துடுப்பைப் போட்டுத் தடவிக்கொண்டு பொழுது சாய வந்து சேர்ந்தீர்கள். அதுவரை கரையிலேயே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, நானே போய்ப் பழசை அறுத்தெறிந்துவிட்டு மண்டபத்தில் வாங்கின புது நீல நைலான் கயிற்றைக் கட்டினேன். வலைக்குப் போடுகிற முடிச்சுப் போட்டு நாலு சுற்று. இனிமேல் அறாது என்று நிம்மதியாக வந்து படுத்தேன். அவ்வளவு நல்ல கயிறு இருந்தும் மறுநாள் நீ கொண்டுபோய்ப் பாரில் ஏற்றினாய்.

இந்தத் தடவையும் அதே கயிறுதான் வாங்கப் போகிறேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்.

அம்ரீன்


நயினார்கோவில்
3.4.2024

லாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். போன கடிதத்தில் நீங்கள் ஸலாம் எழுதவில்லை, ஆனாலும் நான் சொல்லிக்கொண்டேன்.

இழுத்து வந்தவர்கள் சொல்வது சரிதான். கரைக்கு வந்த பிறகு நான்தான் சுக்கானைக் கழற்றினேன். உடைந்துபோனது எதற்கு என்று கடலிலேயே தள்ளிவிட்டேன். அதைச் சுருக்கமாக எழுதிவிட்டேன், பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை.

தப்பு என்னுடையது. சுக்கான் பிடி என் கையில் இருந்தது. நீர் வற்றியிருந்தது. பார் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கண்ணயர்ந்துவிட்டேன். கயிற்றில் ஒன்றும் இல்லை, கயிற்றைப் பற்றி யோசிக்காதீர்கள். பழைய கயிறு என்று எழுதியது மச்சானுடைய பழக்கம் என்பதால்தான். ஆனாலும் நைலான் வாங்க வேண்டாம் லாத்தா. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

கரையில் இருக்கிற என் கொட்டகையைத் திறக்க வேண்டாம். எலிக்கு மருந்து வைத்திருக்கிறேன், சுஹா உள்ளே போய்விடப் போகிறாள்.

இங்கே மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, தீ வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். புகை வெள்ளையாக வந்தால் ஈரம் போகிறது, நீலமாக வந்தால் கரியாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. யாரும் எதுவும் கேட்பதில்லை, எனக்கு அதுவே போதும். நேற்று நோன்பு திறக்க டீ கிளாஸை வாங்கும்போது ராமலெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பி, "ஏலே, உள்ளங்கையில இம்புட்டு முள்ளு முறிஞ்சு நிக்குது, வலிக்கலையா?" என்று கேட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன். சீழ் வைத்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பெருநாளைக்கு வரமாட்டேன்.

நுஃமான்


வேதாளை
14.4.2024

நுஃமானுக்கு,

பெருநாள் போய்விட்டது. சுஹா வட்டிலப்பத்தில் உன் பங்கை எடுத்துக் கிண்ணத்தில் மூடி வைத்தாள். "மாமா வந்துரும்மா" என்றாள். மூன்றாம் நாள் புளித்துப்போய் நான்தான் எடுத்துக் கொட்டினேன். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. கிண்ணத்தை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் என்னை மாதிரியே ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

மச்சானுடைய மையத்தை எடுப்பதற்கு முன்னால் உன்னைப் பார்த்து ஒன்று கேட்டேன். "அவுகளக் கூட்டிட்டுப் போயிட்டு நீ மட்டும் ஏன்லே திரும்பி வந்தே?" ஊரே கேட்டது. நீ பதில் சொல்லாமல் இறங்கிப் போனாய், அடக்கம் முடிந்ததும் ஊரை விட்டே போனாய். அந்தக் கேள்வியை நான் இன்னும் திருப்பி எடுக்கவில்லை. உள்ளே அப்படியேதான் கிடக்கிறது. மறைத்து எழுத எனக்கு வராது.

ஆனால் உன் கடிதம் இடிக்கிறது. நீ கடலில் கண்ணயர்கிற ஆளா? மச்சான்தான் வலையை ஏற்றினதும் காலை நீட்டிவிடுவார். "மச்சினன் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கான், எனக்கென்ன" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதுவும் காலை பத்து மணிக்கு, வெயில் மூஞ்சியில் அடிக்கும்போது கண்ணயர்ந்தாயா? வேறு எவளிடமாவது போய்ச் சொல்.

புதுப் பாய் எல்லாம் என்னால் ஆகாது. கிழிந்ததையே கொடு, ஒட்டுப் போட்டுத் தைத்துக்கொள்கிறேன். வலை பொத்துகிற கைக்குப் பாய் பொத்தத் தெரியாதா? எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் எழுது. அது வந்தால் வள்ளம் இறங்கிவிடும். பலகை வேலை முடிந்தது. தடைக்காலம் நாளை ஆரம்பிக்கிறது.

அம்ரீன்


நயினார்கோவில்
22.4.2024

லாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பாயைத் தேட வேண்டாம். அது தைக்கிற நிலையில் இல்லை. மண்டபத்தில் தெரிந்தவரிடம் பழைய பாய் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததும் உங்கள் வாசலில் கொண்டுவந்து போடுவார்கள். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதை நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். நான் திரும்பி வந்திருக்கக் கூடாது.

சுஹாவிடம் என் ஸலாம் சொல்லுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் சொல்ல வேண்டாம்.

நுஃமான்


வேதாளை
24.5.2024

நுஃமானுக்கு,

திங்கட்கிழமையோடு இத்தா முடிந்தது. நீ சொன்ன பழைய பாய் இன்றுவரை வாசலுக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலையாகக் கரைக்குப் போனேன்.

வள்ளத்தைப் பார்த்தேன். பழைய பலகைகளுக்கு நடுவே புதுப் பலகை இரண்டும் வெளுப்பாகத் தெரிகின்றன. ஓடாவி புதுச் சுக்கானைச் செய்து சாய்த்து வைத்திருந்தார். பழைய பலகைகளைத் தடவிப் பார்த்தேன். எங்கே மச்சானுடைய கை பட்டது, எங்கே படவில்லை என்று தேடினேன். நெஞ்சில் ஏதாவது அசையும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"பாய் மட்டும்தேன் பாக்கிம்மா" என்றார் ஓடாவி. எனக்கு ஆத்திரம். உன் கொட்டகைப் பூட்டை அவருடைய சுத்தியலை வாங்கி நானே உடைத்தேன். எலிக்கு மருந்தும் இல்லை, எலியும் இல்லை. மூலையில் பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. தூக்க முடியாத கனம். ஓடாவியைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக வெளியே இழுத்துப் பிரித்தோம். பாயில் ஒரு கிழிசல்கூட இல்லை. உள்ளே சுக்கான் இருந்தது.

ஓடாவி குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஓடாவி ஒட்டுப் போட்டுச் சரிபண்ணிய பின்கட்டையிலிருந்து பிய்ந்த ஒரு முழத் துண்டு சுக்கானோடு வந்திருக்கிறது. இரண்டையும் நீலக் கயிறு சேர்த்துப் பிடித்திருந்தது. நாலு சுற்று. மூன்று சுற்றில் கத்தி பட்டு அறுந்திருந்தது. நாலாவது முழுசாக இருந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எந்தப் பய இதக் கட்டுனான்? சுக்கான் பார்ல தட்டுனா கயிறு அறணும்மா. அறுறதுக்குத்தேன் பழசக் கட்டுறது. அறுந்தா சுக்கான் தனியா மிதக்கும், வள்ளம் வழுக்கி வெளிய வந்துரும். ஒரு நாப் பொழப்புப் போவும், அம்புட்டுதேன். இது அறலே. சுக்கான் கல்லு இடுக்குல மாட்டி, வள்ளத்த அசையவிடாமப் பிடிச்சுக்கிருச்சு. ஹமீது பாய் இத அறுக்கத்தேன் இறங்கியிருக்காரு. கட்டுனவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்று பல்லைக் கடித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "யாரும்மா கட்டுனது?" என்று கேட்டார்.

"தெரியலேண்ணே" என்றேன்.

என் வாயிலிருந்து அப்படி வந்தது. நீ எல்லாம் தெரிந்துதான் பாயில் சுற்றி வைத்தாய், இல்லையா? கடலோடு போய்விட்டது என்றாய், கண்ணயர்ந்தேன் என்றாய், எலி மருந்து என்றாய். இனி எனக்காக எதையும் சுற்றி மறைக்காதே. அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுது. எழுதாவிட்டால் நானே வந்து மூட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

அம்ரீன்


நயினார்கோவில்
31.5.2024

லாத்தா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மறுபடியும் ஏதாவது பொய் சொல்லலாமா என்றுதான் இரண்டு நாள் யோசித்தேன். எதுவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலை போட வள்ளத்தைத் தள்ளும்போதே கயிற்றைப் பார்த்துவிட்டோம். நான் அவிழ்க்கக் குனிந்தேன். மச்சான் சிரித்தார். "விடுலே. உன் லாத்தா நாலு சுத்துச் சுத்தி வச்சிருக்கா. அவுத்தோமுன்னு தெரிஞ்சா ஒரு வாரத்துக்கு நமக்குச் சோறு கிடையாது. போயிட்டு வந்து நைசா மாத்திக்கிருவோம்" என்றார். நானும் சிரித்தேன். பின்னால் உட்காருகிறவன் நான், அவிழ்த்திருக்க வேண்டியவன் நான். இது என் தப்பு.

மறுநாள் நண்டு வலையை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். நான் கண்ணயரவில்லை. நீர் வற்றியிருந்தது, பாரைச் சுற்றிப் போனால் நேரமாகும், ஒட்டியே போகலாம் என்று இரண்டு பேருமாகத்தான் முடிவு பண்ணினோம். எப்போதும் போகிற வழிதான். சுக்கான் தட்டியது. எத்தனையோ தடவை தட்டியிருக்கிறது. தட்டினால் படக்கென்று கயிறு அறும், நான் பிடியை விட்டுவிட்டுத் துடுப்பை எடுப்பேன். அன்றைக்கும் கயிறு அறும் என்று காத்திருந்தேன் லாத்தா. அறவில்லை. அப்போதுதான் நீலக் கயிறு ஞாபகத்துக்கு வந்தது.

வள்ளம் கல்லில் ஏறி அடித்துக்கொண்டது. நான் இறங்குகிறேன் என்றேன். "நீ பிடிய விடாதே, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு மச்சான் இறங்கினார். ஒரு சுற்றை அறுத்துவிட்டு மேலே வந்து மூச்சு வாங்கினார். மறுபடி இறங்கி இன்னொன்றை அறுத்தார். மூன்றாம் தடவை மேலே வந்தபோது என்னைப் பார்த்து, "நல்லாத்தேன்யா கட்டியிருக்கா" என்றார். கோபமே இல்லை லாத்தா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்து இறங்கியபோது ஒரு அலை வள்ளத்தைத் தூக்கி அவர் மேல் போட்டது. அந்த அலையில்தான் பின்கட்டையும் பிய்ந்தது. பிடி என் கையிலேயே இருந்தது.

கரையில் எல்லோரும் மச்சானைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வள்ளத்துக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. கயிற்றை யாராவது பார்த்தால் யார் கட்டியது என்று கேட்பார்கள். தொங்கிக்கொண்டிருந்ததைப் பிய்த்து எடுத்தேன். கடலில் போட்டிருக்கலாம். மச்சான் கடைசியாகத் தொட்டது அது, போட முடியவில்லை.

அன்றைக்கு வாசலில் வைத்து நீங்கள் கேட்டபோது, பதில் சொன்னால் கயிற்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. யாராவது ஒருத்தர் சுமந்தால் போதும் என்று நினைத்தேன். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. உங்களுக்குச் சுஹா இருக்கிறாள்.

ஓடாவியிடம் தெரியாது என்று சொன்னீர்களே, அது அப்படியே இருக்கட்டும். கேட்டால் நான் கட்டியது என்று சொல்லிவிடுங்கள்.

நுஃமான்


வேதாளை
9.6.2024

அன்புள்ள நுஃமானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். "நல்லாத்தேன்யா கட்டியிருக்கா" என்ற இடம் வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் அழுகை வந்தது. ஐந்து மாதமாக வராதது எல்லாம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். இவர்கள்தான் அழு அழு என்றார்கள், இப்போது நிறுத்து என்கிறார்கள். சுஹா கூட உட்கார்ந்து அவளும் அழுதாள். அவள் அழுததில் எனக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள் ஓடாவியிடம் போய், "நான்தேன் கட்டுனேன்" என்றேன். அவர் கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார். "ஒனக்கு யாருமே சொல்லலையாம்மா?" என்று கேட்டார். "இல்லேண்ணே" என்றேன். "சொல்லியிருக்கணும்" என்றார். உளியை மறுபடி எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார். முஹைதீன் காக்காவிடமும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார், அப்புறம் இரண்டு நாள் கழித்து வந்து சுஹாவைக் கடைக்குக் கூட்டிப் போனார். சுஹாவிடமும் சொல்லிவிட்டேன். நாளைக்கு வேறு எவர் வாயிலாவது கேட்பதைவிட, என் வாயில் கேட்கட்டும். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறுமா என்று தெரியாது. மாறினால் மாறட்டும், நான் பட்டுக்கொள்கிறேன். யாராவது ஒருத்தர் சுமந்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். உன்னை எவன்லே கேட்டது? பெரிய தியாகி!

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. மச்சான் மேலும் கோபம்தான். இரண்டு பேரும் கயிற்றைப் பார்த்துச் சிரித்தீர்களே. பதினொரு வருஷமாக நான் கரையில் நின்று வலை பொத்துகிறேன், நண்டு கழற்றுகிறேன். ஒரு நாளாவது, "இது அறணும், அதுக்குத்தேன் பழசு" என்று ஒரு வார்த்தை என்னிடம் சொன்னீர்களா? கடலுக்குள் நடப்பது கரையில் நிற்கிறவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டீர்கள். சிரித்த நேரத்துக்குக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் மச்சான் இருந்திருப்பார். எனக்கு அதுதான் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கிக் கட்டிப் போட்டோம். மூன்று நாளாகிறது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. புதுச் சுக்கானை மாட்டியாகிவிட்டது. கயிற்றை நான்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கிடந்த தும்புக் கயிற்றில் ஒன்றை எடுத்துக் கட்டி, ஓடாவியை ஓங்கி உதைக்கச் சொன்னேன். அறவில்லை. அவிழ்த்துவிட்டு இன்னும் பழசாக ஒன்றைக் கட்டினேன். அதுவும் அறவில்லை. மூன்றாவது படக்கென்று அறுந்தது. அதே கயிற்றின் மிச்சத்தை வைத்துக் கட்டியிருக்கிறேன். நீலக் கயிற்றைத் தூக்கிப் போடவில்லை, உன் கொட்டகை ஆணியில் தொங்குகிறது.

தடைக்காலம் பதினாலாம் தேதியோடு முடிகிறது. நினைத்திருந்த இரண்டு மாதமும் போய்விட்டது, போகட்டும். வள்ளத்தை ஓட்டத் தருவாயா என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதினேழாம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள். சுஹா இப்போதே கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாள். இந்தத் தடவையும் கொட்ட என்னால் ஆகாது. உள்ளங்கையில் இன்னும் முள் இருந்தால் அப்படியே வா, நான் எடுத்துவிடுகிறேன்.

மையத்தை எடுப்பதற்கு முன்னால் கேட்டேனே ஒரு கேள்வி, அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக வேறொன்று கேட்கிறேன். இதற்குக் கடிதம் போட வேண்டாம், பஸ் ஏறினால் போதும்.

நீ ஏன்லே இன்னும் திரும்பி வரலே?

லாத்தா